"மனசு ஒரு இடத்துல நிக்குதில்ல சேர்": அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இலங்கையின் மலையகத்தில், ஹட்டனுக்குக் கொஞ்சம் தள்ளி, ஒரு தேயிலைத் தோட்டத்துக் கோயில் மண்டபத்தில் செவ்வாயும் வியாழனும் மாலை வகுப்பு எடுக்கிறேன். பதினொரு வருடமாகிறது. பாடத்தில் சந்தேகம் கேட்பவர்களைவிட, பாடம் முடிந்து செருப்பைத் தேடும் நேரத்தில் "சேர், ஒரு நிமிஷம்" என்று ஒதுங்கி நிற்பவர்கள்தான் அதிகம். சாதாரண தரப் (ஓஎல்) பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகள், அதற்கு அடுத்த உயர்தரப் பிள்ளைகள், தீபாவளிக்குக் கொழும்பிலிருந்து வந்த தம்பிமார், சில நேரம் அவர்களுடைய அம்மாமார். கேட்பது பெரும்பாலும் ஒரே விஷயங்கள்: படிப்பில் மனத்தை எப்படி நிறுத்துவது, எந்த முடிவை எப்படி எடுப்பது. அதனால் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே எழுதி, கீழே என் பதிலை வைத்திருக்கிறேன். முதலிலிருந்து வாசித்தால் நல்லது. பின்னால் வரும் பதில்களில் முன்னால் சொன்னதைத் திரும்பச் சொல்லவில்லை.

1. சேர், எனக்குக் கவனமே இல்ல. பிறவியிலேயே அப்படியோ?

நேற்று கிரிக்கெட் பார்த்தாயா? கடைசி ஓவரின் ஆறு பந்தையும் வரிசையாகச் சொல்கிறாய். அப்படியென்றால் கவனம் இருக்கிறது. கணக்குக் கொப்பியைத் திறந்தால்தான் அது ஓடிவிடுகிறது.

ஏன் என்று மலையில் போய்ப் பார். உன் அம்மா நிரையில் நின்று கொழுந்து எடுக்கும்போது வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருப்பார். இரண்டு கையும் தன் பாட்டுக்கு இரண்டிலை ஒரு மொட்டைத் தேடிக் கிள்ளும். பிடி நிறைந்ததும் தோளுக்கு மேலால் கூடையில் விழும். போன வாரம் வேலைக்குப் பேர் பதிந்த பிள்ளையைப் பார். இது முற்றலா, தளிரா, மட்டக்கம்புக்கு (செடியின் மட்டத்தைக் காட்டும் கம்பு) மேலா, கீழா என்று ஒவ்வொரு கிள்ளுக்கும் யோசிப்பாள். அடுத்த நிரையிலிருந்து கூப்பிட்டால் காதில் விழாது, மத்தியானத்துக்குள் களைத்துவிடுவாள். பழகிய வேலைக்குக் கொஞ்சக் கவனம் போதும். புது வேலை இருக்கிற கவனம் முழுவதையும் பிடுங்கிக்கொள்ளும். புதுக் கணக்கு உனக்கு மலையில் முதல் வாரம் மாதிரி. களைப்பு வந்தால் உன்னிடம் குறை என்று அர்த்தமில்லை.

இன்னொன்றும் உண்டு. கவனம் இல்லை என்று வந்த பலரிடம் பேசிப் பார்த்தால், கடைசியில் வெளியே வருவது ஒரு எடுக்காத முடிவு. படிக்கவா, வேலைக்குப் போகவா என்று உள்ளே வழக்கு ஓடிக்கொண்டிருக்கும்போது மனம் எப்படிக் கொப்பியில் நிற்கும்? அதை ஐந்தாம் கேள்விக்குப் பிறகு பார்ப்போம்.

2. வாட்ஸ்அப்பும் பாத்துக்கிட்டு பாடமும் படிச்சா நேரம் மிச்சம்தானே?

இரண்டையும் சேர்த்துச் செய்வதாக நினைக்கிறாய். செய்வது அங்கும் இங்கும் தாவுவது. சோஃபி லெராய் என்ற ஆய்வாளர் 2009இல் எழுதிய கட்டுரையில் இதைத்தான் காட்டினார்: ஒரு வேலையை முடிக்காமல் அடுத்ததற்கு மாறினால் மனத்தின் ஒரு பகுதி பழைய வேலையிலேயே தங்கிவிடுகிறது, புதிய வேலை அந்த அளவுக்குக் கெடுகிறது. உன் கூட்டாளி "ஒண்ணு சொல்லணும்டா" என்று மட்டும் அனுப்பிவிட்டு ஓஃப்லைன் போய்விட்டால் அடுத்த அரை மணி நேரம் உனக்கு என்ன நடக்கிறது என்று கவனி.

நடுவில் எழும்பாமல் இருக்கவும் முடியாது. லயத்துக்குப் பொதுவான பீலியில் (குழாயில்) தண்ணீர் வரும் நேரம் நம் கையில் இல்லை, அம்மா குடத்தோடு கூப்பிடுவார். அப்போது திரும்பி வந்து முதலில் எதைச் செய்யப்போகிறாய் என்று கொப்பி ஓரத்தில் நாலு வார்த்தை எழுதிவிட்டு எழும்பு. திரும்பி வரும்போது தேட வேண்டியிருக்காது.

3. வீட்டுல ஒரே காம்பரா. டிவி, தங்கச்சி, அடுத்த வீட்டுச் சண்டை. எங்க போய்ப் படிக்கிறது?

"அமைதியான அறை ஒன்றைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளுங்கள்" என்று ஆலோசனை சொல்பவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வரும். லயம் என்பது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகள். நடுச்சுவர் கூரை வரைக்கும் போகாத அந்த லயத்தில், மூன்று வீடு தள்ளி யார் இருமுகிறார்கள் என்பதுகூடத் தெரியும்.

இடம் கிடைக்காதபோது நேரத்தைப் பிடிக்க வேண்டும். விடிய நாலரையிலிருந்து ஐந்தரை வரை லயம் அமைதி. அதற்குப் பிறகு ரொட்டி தட்டும் சத்தம், பிரட்டுக்கு, அதாவது காலையில் வேலை பிரிக்கும் இடத்துக்குப் போகும் அவசரம் எல்லாம் வந்துவிடும். ஆனால் நாலரைக்கு எழும்ப வேண்டுமென்றால் ஒன்பதரைக்காவது படுக்க வேண்டும். பதினொன்று வரை நாடகம் பார்த்துவிட்டு நாலரைக்கு எழும்புகிறேன் என்று என்னிடம் சொல்லாதே. நாலு நாளைக்கு மேல் அது நடந்து நான் பார்த்ததில்லை.

விடியற்காலை ஏலாதவர்கள் வீட்டாரோடு பேரம் பேசுங்கள். வர்த்தகப் பிரிவில் படித்த ஒரு பிள்ளை ராத்திரிப் பாத்திரம் முழுவதையும் தான் கழுவுவதாக ஒத்துக்கொண்டு, ஏழிலிருந்து எட்டு வரை டிவி சத்தத்தைக் குறைக்க வைத்தாள். இஸ்தோப்பின் (வீட்டு முன் விறாந்தையின்) மூலையில் அப்பாவின் பழைய குடையை விரித்து வைத்துக்கொண்டு அதற்குப் பின்னால் உட்காருவாள். சாரல் அடிக்காது, ஆட்களும் தெரியமாட்டார்கள். குடை விரிந்திருந்தால் கூப்பிடக்கூடாது என்று தங்கச்சிக்குச் சொல்லியிருந்தாள். மூன்று வாரத்தில் லயமே அந்தக் குடைக்குப் பழகிவிட்டது. பக்கத்து வீட்டு ஆயா மட்டும் குடைக்குள் தலையை விட்டு "இன்னும் முடியலையா கண்ணு?" என்று கேட்பாராம்.

பின்னேரம் பூட்டிக் கிடக்கும் பிள்ளைக் காம்பராவின் (தோட்டத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் இடம்) சாவியைக் கேட்டு வாங்கி, அங்கே உட்கார்ந்து படிக்கும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். கேட்டுப் பார்ப்பதில் நட்டமில்லை.

4. அப்ப போனைத் தூக்கி வீசிடவா?

வேண்டாம். 2020லும் 2021லும் பாடசாலை மூடிக் கிடந்தபோது, சிக்னல் தேடி மலை உச்சிக்கு ஏறி மழைக்குள் நின்று பாடம் கேட்ட பிள்ளைகள் நம்முடையவர்கள். இன்றைக்கும் குறிப்புகள், கடந்தகால வினாத்தாள்கள் எல்லாம் போனில்தான் வருகின்றன.

"இனிமேல் குறைத்துக்கொள்கிறேன்" என்ற சபதத்தால் பயனில்லை. பீட்டர் கோல்விட்சர் என்ற ஜெர்மானிய உளவியலாளர் பல வருடம் ஆராய்ந்து சொன்ன வழி எளிது. "இது நடந்தால் இதைச் செய்வேன்" என்று நேரத்தையும் இடத்தையும் கட்டி முன்கூட்டியே வைத்துக்கொள்வது. "இனி ஒழுங்காகப் படிப்பேன்" என்பதற்குப் பதிலாக, "ராத்திரி சாப்பிட்டுக் கை கழுவியதும் போனை அரிசி டின்னுக்குள் போட்டுவிட்டுக் கொப்பியை எடுப்பேன்." அரிசி டின் என் கற்பனை இல்லை. ஒரு பையன் உண்மையிலேயே அப்படிச் செய்தான். எடுக்க வேண்டுமென்றால் மூடியைத் திறக்கும் சத்தம் அம்மாவுக்குக் கேட்கும்.

5. கணிதமா, கலையா, வர்த்தகமா, டெக்னாலஜியா? ஓஎல் முடிஞ்சு மூணு மாசமா இதே யோசனை.

மூன்று மாதம் யோசித்தாய் என்கிறாய். மூன்று மாதமும் ஒரே யோசனையைச் சுற்றிச் சுற்றி வந்திருப்பாய் என்று நினைக்கிறேன். தலைக்குள் வைத்துக்கொண்டு யோசித்தால் அப்படித்தான் ஆகும். ஒரு காரணம் முன்னால் வந்தால் மற்றது மறைந்துவிடும். 1772இல் பென்ஜமின் பிராங்க்ளினிடம் இதே மாதிரி ஒரு யோசனை கேட்டார் நண்பர் ஜோசப் பிரீஸ்ட்லி, ஒட்சிசனை ஆராய்ந்த அதே விஞ்ஞானி. ஒரு வேலையை ஏற்பதா, வேண்டாமா என்று குழப்பம். பிராங்க்ளின் முடிவைச் சொல்லவில்லை, வழியைச் சொன்னார். தாளின் நடுவில் கோடு போடு. ஒரு பக்கம் சாதகம், மறுபக்கம் பாதகம். மூன்று நாலு நாள் தோன்றத் தோன்ற எழுது. பிறகு இரண்டு பக்கத்திலும் சம எடை உள்ளவற்றை வெட்டு. இங்கே ஒன்று அங்கே இரண்டுக்குச் சமம் என்றால் மூன்றையும் வெட்டு. மிஞ்சுவதைப் பார்.

நாலு நாள் என்பதுதான் இதில் முக்கியம். முதல் நாள் எழுதுவது பெரும்பாலும் மற்றவர்கள் சொன்னது. உன் சொந்தக் காரணம் மூன்றாம் நாள்தான் வரும்.

நம் பக்கத்துக்கு அந்தத் தாளில் சில வரிகள் கட்டாயம். கணிதப் பிரிவும் விஞ்ஞானப் பிரிவும் எல்லாப் பாடசாலையிலும் இல்லை. இருக்கும் பாடசாலைக்கு எந்த பஸ், எத்தனை மணிக்கு, மாதம் எவ்வளவு? அந்தப் பாடத்துக்கு ஆசிரியர் இப்போது இருக்கிறாரா, வெற்றிடமா? அங்கே படிக்கிற அக்காவையோ அண்ணனையோ கேள். விளம்பரப் பலகையைப் பார்த்து முடிவெடுக்காதே. தொழில்நுட்பப் பிரிவு 2013இல்தான் தொடங்கியது, அதனால் உன் மாமாவுக்கு அதைப் பற்றித் தெரியாமல் இருக்கலாம். மருத்துவம், பொறியியல் போன்ற பாடநெறிகளுக்கு 40 வீத இடம் அகில இலங்கைத் தரவரிசையில் போகிறது. 55 வீதம் மாவட்டங்களுக்குப் பங்கிடப்படுகிறது, மிச்சம் 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. அதனால் நுவரெலியா மாவட்டப் பிள்ளை ஒவ்வொரு இடத்துக்கும் கொழும்புப் பிள்ளையோடு போட்டி போடத் தேவையில்லை. இது தெரியாமலே "நமக்கெல்லாம் எங்க கிடைக்கும்" என்று கணிதத்தை விட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். மாவட்டப் பங்கு இருக்கிறதே என்று பிடிக்காத பிரிவில் போய் விழுந்தவர்களையும் பார்த்திருக்கிறேன்.

6. அம்மா ஒண்ணு சொல்றாங்க, மாமா ஒண்ணு சொல்றாங்க. யார் பேச்சக் கேக்கிறது?

யோசனை சொல்கிறவர்களில் விளைவைச் சுமக்கப் போகிறவர்கள் இருக்கிறார்கள், சொல்லிவிட்டுப் போகிறவர்களும் இருக்கிறார்கள். உன் பஸ் காசு அம்மாவின் கொழுந்துக் காசு என்றால் அம்மாவின் பயத்துக்கு உன் தாளில் இடம் உண்டு. கல்யாண வீட்டில் பார்த்து "என்ன, கலையா?" என்று உதட்டைப் பிதுக்கியவருக்கு இடமில்லை. என் பேச்சையும் அதே அளவில் நிறுத்துப் பார். உன் முடிவால் எனக்கு ஒரு ரூபாய் நட்டமும் கிடையாது.

7. எல்லாரும் கொழும்புக்குப் போறாங்க. கையில காசு புழங்குது. நான் மட்டும் எதுக்கு படிச்சுக்கிட்டு?

என்னிடம் அதிகம் வந்த கேள்வி இதுதான். இதற்கு மேடைப் பேச்சு பதில் சொல்ல எனக்கு மனம் வராது. தோட்டத்தில் நாட்சம்பளம் 1,000 ரூபாய் ஆனது 2021இல்தான். 1,350 ஆனது 2024இல். அதுவும் கொழுந்து கிலோ குறைந்தால் அரைப் பேர், அதாவது பாதிச் சம்பளம். அந்த வீட்டில் பிறந்த பதினெட்டு வயதுப் பையனுக்குக் கொழும்புக் கடையின் மாதச் சம்பளம் பெரிதாகத் தெரிவதில் ஆச்சரியம் என்ன?

நானும் போனவன். பத்தொன்பது வயதில், "ஆறு மாசம், அக்கா கல்யாணக் கடன் தீரட்டும்" என்று புறக்கோட்டைப் பக்கம் ஒரு துணிக்கடைக்குப் போனேன். நின்றது நாலு வருடம். கடன் முதல் வருடத்திலேயே தீர்ந்துவிட்டது. அதற்குப் பிறகு ஏன் இருந்தேன் என்று இன்றைக்கு யோசித்தால் பதில் இல்லை. யாரும் பிடித்து வைக்கவில்லை, நானும் முடிவெடுக்கவில்லை. துணி மடிப்பது பழகிவிட்டது, ராத்திரி கடை மூடியதும் அங்கேயே மேல்தட்டில் பாய், ஞாயிற்றுக்கிழமை படம். கிளம்புகிற தேதி ஒன்றைக் குறித்திருந்தால் கடன் தீர்ந்த அன்றைக்கே அது முன்னால் வந்து நின்றிருக்கும். இருபத்துமூன்று வயதில் திரும்பி வந்து, வெளிவாரிப் பரீட்சார்த்தியாக உயர்தரம் எழுதித்தான் ஆசிரியராக வந்தேன்.

அதனால் போகாதே என்று சொல்லமாட்டேன். போகிறவர்களிடம் மூன்றை எழுதி வாங்குகிறேன்: எவ்வளவு சேர்க்க, எதற்கு, எந்தத் தேதி வரைக்கும். சம்பளத்தில் வாடகை, சாப்பாடு, ஹட்டனுக்கு வந்துபோகும் செலவு எல்லாம் கழித்த மிச்சத்தை எழுது. முழுச் சம்பளத்தை எழுதினால் கணக்குப் பிழையாகிவிடும். வேலைக்குத்தான் போகிறேன் என்றால், கையில் ஒரு தொழில் சேரும் வேலையா என்றும் பார். மின்னிணைப்பு, குழாய் வேலை, சமையல் போன்றவற்றுக்கு என்.வி.கியூ. என்ற தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ் எடுக்கலாம். அது படிப்படியாக ஏழாம் மட்டம் வரை, பட்டத்துக்குச் சமமாகப் போகிறது. பெட்டி தூக்கிய நாலு வருடத்துக்கு யாரும் சான்றிதழ் தருவதில்லை, எனக்குத் தெரியும்.

8. எம்மகன் எதுலயும் நிலையா நிக்க மாட்டேங்கிறான் சேர். மூணு மாசம் கம்பியூட்டர், ரெண்டு மாசம் தையல் மெசின் ரிப்பேர்.

பதினேழு வயதில் அது தேடல் அம்மா, பதறாதீர்கள். ஒரு நிபந்தனை மட்டும் போடுங்கள்: பிடிக்காவிட்டால் அடுத்ததற்கு மாறலாம், ஆனால் காசு கட்டிய பாடநெறி முடியும் நாள் வரை போக வேண்டும். நடுவில் பிடிக்காமல் விட்டால் அது வேலை பிடிக்காததாலா, கஷ்டமான பகுதி வந்ததாலா என்று அவனுக்கே தெரியாமல் போய்விடும்.

9. காமன்கூத்துல வேஷம் கட்டுறேன். பரீட்சை வருது. விட்டுடவா?

காமன்கூத்து, காமன்-ரதி கதையை மாசியில் பல நாள் ஆடும் நம் கூத்து. 2025இல் சாதாரண தரப் பரீட்சை மார்ச் மாதம் வந்ததால் நிறையப் பேருக்கு இந்த இடி. ரதி வேஷம் கட்டுகிற பையன் அழாத குறையாகக் கேட்டான். எனக்கும் தப்புச் சத்தம் கேட்டால் கால் நிற்காது, அதனால் நடுநிலையாகச் சொல்கிறேன் என்று நம்பாதே.

ஒத்திகை எல்லாவற்றுக்கும் போவதும், போய்க்கொண்டே "படிக்கலையே" என்று நெஞ்சு அடிப்பதும் ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால். அவன் கடைசியில் கூத்து வாத்தியாரிடம் போய், இந்த வருடம் காமன் எரிகிற தகன நாள் மட்டும் ஆடுகிறேன், மற்ற நாளுக்குத் தம்பியைப் பழக்குங்கள் என்று கேட்டான். வாத்தியார் திட்டினார், பிறகு ஒத்துக்கொண்டார். அந்தத் திட்டு வாங்கிய அன்றைக்குத்தான் நிம்மதியாகப் படித்தேன் என்றான்.

10. எல்லாரும் என்னைத்தான் கூப்பிடுறாங்க. பெரியவங்ககிட்ட முடியாதுன்னு எப்படிச் சொல்றது?

கேட்டவர் தோட்டத்திலேயே அலுவலகத்தில் வேலை செய்கிற தங்கச்சி. வங்கிப் படிவம், அடையாள அட்டை விண்ணப்பம், சிங்களத்தில் வந்த கடிதம் எல்லாம் அவளிடம்தான் வரும். நம்மிடையே "ஏலாது" என்ற வார்த்தை முகத்தில் அடித்த மாதிரி விழும் என்பது உண்மை. அதனால் மறுப்பதை விட்டு நாளைச் சொல்: "மாமா, இன்னைக்கு ஏலாது. ஞாயிறு பத்து மணிக்குக் கொண்டாங்க, உக்காந்து எழுதித் தர்றேன்." இப்போது ஞாயிறு காலை அவள் வீட்டு இஸ்தோப்பில் ஏழெட்டுப் பேர் வரிசையில் இருக்கிறார்கள். வார நாளில் சும்மா யாரும் வருவதில்லை. உண்மையில் அவசரமானவர்கள் மட்டும் வருவார்கள், அவர்களுக்கு அவள் உடனே செய்து கொடுக்கிறாள்.

11. முடிவெடுத்து மூணு மாசம் ஆச்சு. ஒண்ணும் நடக்கல. பிழையான முடிவோ?

கவ்வாத்து வெட்டிய மலையைப் பார்த்திருக்கிறாய். நாலைந்து வருடத்துக்கு ஒரு தடவை, கத்தி போட்டு முழங்கால் உயரத்துக்குக் குச்சியாக விட்டுவிடுவார்கள். ஊருக்குப் புதிதாக வந்தவர்கள் தேயிலை செத்துவிட்டது என்று நினைப்பார்கள். சில மாதத்துக்கு அந்த மலையில் கொழுந்தே இல்லை, ஆளும் போடமாட்டார்கள். தோட்டத்துக்கு அது நட்டம்தான், தெரிந்தே ஏற்ற நட்டம்.

ஆனால் மலையில் வேலையை மேற்பார்க்கும் கணக்கப்பிள்ளை சும்மா காத்திருப்பதில்லை. சில வாரத்தில் குச்சியில் துளிர் கண் தெரிகிறதா என்று போய்ப் பார்ப்பார். உனக்கும் அப்படி ஒரு துளிர் வேண்டும், அதை முன்கூட்டியே எழுதி வை. "மூன்று மாதத்தில் வகுப்பில் முதலாவதாக வருவேன்" என்று வைக்காதே. "மூன்று மாதத்தில் ஒரு கடந்தகால வினாத்தாளைப் பார்க்காமல் பாதியாவது செய்வேன்" என்று வை. அது வந்திருந்தால் காத்திரு. அதுவும் வரவில்லை என்றால் பிராங்க்ளின் தாளை மறுபடி எடு.

12. ரெண்டு தடவை எழுதியாச்சு, டியூசனுக்கு இவ்வளவு கட்டியாச்சு. இப்ப எப்படி விடறது?

உயர்தரம் மூன்று தடவை எழுதலாம் என்ற விதி பலரை மூன்றாவது தடவைக்கு இழுத்துவிடுகிறது. 1985இல் ஆர்க்ஸ், புளூமர் என்ற இருவர் ஒரு நாடக அரங்கில் சோதித்துப் பார்த்தார்கள். ஒரே நாடகப் பருவத்துக்குச் சிலருக்கு முழு விலையில் டிக்கெட், சிலருக்குத் தள்ளுபடியில். பருவத்தின் முதல் பாதியில் முழு விலை கொடுத்தவர்களே அதிகம் வந்து பார்த்தார்கள். நாடகம் எல்லாருக்கும் ஒன்றுதான். கொடுத்த காசுதான் அவர்களை இழுத்து வந்தது.

கட்டிய காசு நீ விட்டாலும் வராது, தொடர்ந்தாலும் வராது. கேட்க வேண்டியது இதுதான்: இன்றைக்குத்தான் முதல் நாள், இதுவரை ஒன்றும் செலவாகவில்லை என்றால், வருகிற ஒரு வருடத்தை இதற்குக் கொடுப்பாயா? ஆம் என்றால் மூன்றாவது தடவையும் எழுது, போன இரண்டு தடவை படித்த மாதிரியே படிக்காமல். இல்லை என்றால், இரண்டு வருடத்தில் படித்தது மண்டையை விட்டு எங்கும் போகப் போவதில்லை.

13. இதெல்லாம் செஞ்சு பாத்தும் சரிவரல.

தூக்கம் வராமல், சாப்பாடு பிடிக்காமல், எதிலும் ஆசை இல்லாமல் வாரக்கணக்கில் போகிறது என்றால் அது இந்தப் பக்கத்தில் உள்ள விஷயம் இல்லை. ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவு இருக்கிறதா என்று கேட்டுப் போ. 1926 என்ற தேசிய மனநல நிறுவனத்தின் இலக்கத்துக்குப் பேசலாம். பைத்தியம் என்று யாராவது சொல்வார்களோ என்று பயந்தால், யாரிடமும் சொல்லாமல் போ. என்னிடம் சொன்னால் நானும் கூட வருவேன்.

14. லயத்துல பொறந்தவனுக்குத் தெரிவு எங்க சேர் இருக்கு? இதெல்லாம் வசதியானவங்களுக்கு.

இதைக் கேட்டவனுக்கு அன்றைக்குப் பதில் சொல்ல முடியவில்லை. அவன் சொன்னதில் பாதிக்கு மேல் உண்மை. 1948இல் ஒரு சட்டம் நம் ஆட்களை நாடற்றவர்கள் ஆக்கியது. 1964இல் இரண்டு பிரதமர்கள் கையெழுத்துப் போட்டு 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தார்கள். மிச்சம் 1,50,000 பேரின் கதையைப் பிறகு பார்ப்போம் என்று வைத்தார்கள். மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த யாரையும் கேட்கவில்லை. எங்கள் அப்பாயியின் தங்கை குடும்பம் நீலகிரிக்குப் போனது, அப்பாயி இங்கே நின்றார். அதற்குப் பிறகு இருவரும் பார்க்கவே இல்லை. இப்படிப்பட்ட ஊரில் நின்றுகொண்டு "எல்லாம் உன் கையில்" என்று சொன்னால் அது பொய்.

அடுத்த வியாழன் அவனிடம் கேட்டேன்: இந்த வாரத்தில் வேறு யாரும் தீர்மானிக்காத நேரம் உனக்கு எவ்வளவு இருந்தது? எண்ணிப் பார்த்து ஒன்பது மணித்தியாலம் என்றான். அதில் எவ்வளவை நீ தீர்மானித்தாய் என்றேன். சிரித்தான். வேறொன்றும் பேசவில்லை. கொஞ்ச நாள் கழித்து வந்து, உயர்தரத்துக்குத் திரும்பச் சேரப்போவதாகவும், ஆறு மணி பஸ்ஸுக்கு இ.போ.ச. (அரசாங்க பஸ் சபை) சீசன் டிக்கெட் எப்படி எடுப்பது என்றும் கேட்டான்.

பாடசாலை அதிபரின் கையெழுத்தோடு டிப்போவுக்குப் போக வேண்டும். மாதக் கடைசியில் போகாதே, வரிசை கேட் வரைக்கும் நிற்கும்.